பூசாத திருநீறு

எங்கள் வீட்டில் யார் புதிய காரியத்துக்குப் புறப்பட்டாலும், என் கையால் திருநீறு வாங்கிய பின்னரே படி இறங்குவார்கள். வன்னியை விட்டுக் கடல் கடந்து, பரமட்டாவுக்கு அண்மையில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த பின்பும் அவ்வழக்கம் மாறவில்லை. வாகனம் ஓட்டும் பரீட்சைக்குப் போகிறவரும் சுவாமி அலுமாரியின் முன் வந்து நெற்றியை நீட்டுவார்.

என் மூத்த மகளின் மகளுக்குப் பதினெட்டு வயது. அவள் இந்நாட்டுப் படையில் சேர்வதற்குத் தெரிவானாள். அலுவலக வேலைக்கன்று, களத்தில் நிற்கும் காலாட்படைக்கு. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, மகள் என்னைக் குசினிக்குள் அழைத்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீங்கள் திருநீறு பூசாட்டி அவள் போகமாட்டாள், அப்பா. நான் அழுது முடிஞ்சுது. நாளைக்கு மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"விரும்பித்தானே பிள்ளை போறாள்."

"விரும்பிப் போனாலென்ன, பிடிச்சுக்கொண்டு போனாலென்ன? சுடுற துவக்கு ஒண்டுதானே."

அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் களத்துக்கு வரவேண்டும் என்று இயக்கத்தின் கட்டளை பிறந்தது. எனக்கு இரண்டு பெண்கள். மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற பேச்சை நம்பி, ஊரில் பலர் செய்ததைப் போலவே நானும் மச்சான் முறைப் பையனைக் கொண்டு மூத்தவளுக்குத் தாலி கட்டுவித்தேன். பெயருக்குக் கட்டிய தாலி பின்னர் அவளுக்கு வாழ்வாயிற்று. இளையவளுக்குப் பதினேழு வயதுதான், இன்னும் சிறுபிள்ளை, அவளைத் தொடமாட்டார்கள் என்று நான் போட்ட கணக்கோ பொய்த்தது. அவளைக் கொண்டுபோனார்கள்.

சில மாதங்கள் கழித்து அரை நாள் விடுப்பில் வந்தாள். ஒட்ட வெட்டிய தலை, காற்சட்டை, கழுத்தில் நஞ்சுக் குப்பி கோத்த கறுப்புக் கயிறு. சுவாமி அறை வாசலில் நின்று திருநீறு கேட்டாள்.

"பொம்பிளைப் பிள்ளை இந்தக் கோலத்தில சாமி அறைக்கு வரக்கூடாது" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னே அம்மன் படம் இருந்தது, எட்டுக் கைகளிலும் ஆயுதம். அத்திருக்கோலத்தைப் பண்ணோடு பாடிக் கண்ணீர் உகுத்தவன் நான். பெற்ற மகளின் கோலத்தை என் கண் பொறுக்கவில்லை.

"நான் கேட்டே போனனான்?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "அக்காவுக்கு ஒரு தாலி கிடைச்சுது. எனக்குத் திருநீறும் இல்லையோ அப்பா?"

நான் திருநீற்றுக் கிண்ணத்தை மூடி வைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை, உடலும் வரவில்லை. அவளுக்கு எந்த நாளில் திவசம் செய்வதென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மகள் குசினிக்குள் பேசிய மறுநாள் காலை, பேத்தி குளித்து, முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள். இந்நாட்டில் அவளைப் பிடித்துச் செல்பவரும் இல்லை, பெண் என்று தடுப்பவரும் இல்லை. தடுக்கக்கூடியவன் நான் ஒருவனே.

"அங்கை மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமோ?" என்று கேட்டேன்.

"வெஜிட்டேரியன் ஒப்ஷன் இருக்கு அம்மப்பா. துவக்கும் வெஜிட்டேரியன்தான்" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டதும் கண்ணை மூடி நெற்றியை நீட்டினாள்.

மகள் குசினி வாசலில் நின்றாள். மறுத்தால் பேத்தி நின்றுவிடுவாள் என்று அவள் நம்பினாள். மறுத்த பின்னும் ஒருத்தி போனதை நான் கண்டவன். வெறும் நெற்றியோடு போனாள்.

மூன்று விரல்களால் பூசினேன். கொஞ்சம் அவள் மூக்கில் உதிர்ந்தது. அவள் அதைத் துடைக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு, "போட்டு வாறன்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லி இறங்கினாள்.

மின்தூக்கி கீழே போய்ச் சேரும் ஓசை அடங்கியது. மகள் என் வலக்கையைப் பார்த்தாள்.

"இந்தக் கை அண்டைக்கு எங்கை போனது, அப்பா?"

அன்று மாலை வழமைபோல் பதிகம் பாட உட்கார்ந்தேன். தாளம் போடவேண்டிய கை மடியிலேயே கிடந்தது.