இருவர் சேர்ந்து ஊதிய ஏழு

வங்கிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல், "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்கிறது. அழுத்தினேன். பீப். உங்களுக்கு அது ஒரு சத்தம், எனக்கு இரண்டு. கீழ்ச்சுருதியும் மேல்சுருதியும் சேர்ந்து ஒலித்தால்தான் ஓர் எண். இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளைப் பார்த்து, சால்டரிங் கம்பியில் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றது.

நீலகிரியில் நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் குடியேறியது. அங்கேதான் என் முதல் வேலை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது, கீழ் டிவிஷன் போனில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒவ்வொருவர் எண்ணையும் அழுத்துவார். ஃபேக்டரியில் நான் செய்துவைத்த பெட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு எண்ணாக்கி, ஒற்றை வயரில் வரிசையாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கள்ளப் பேர் ஏறக்கூடாதென்று கீபோர்டை மேனேஜர் துரை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஹெட் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். கோயமுத்தூர்க்காரர். "கம்ப்யூட்டர்ல விழுந்தாத்தானுங்க ஆளு" என்பார்.

ஒரு மழையில் அந்தப் போனின் ஏழாம் பொத்தான் செத்தது. எண்ணில் ஏழு உள்ளவரெல்லாம் ஆப்சென்ட். எழுபத்தேழாம் எண் செல்லம்மாவுக்கு ஏற்கெனவே காய்ச்சல் லீவு. இன்னும் ஒரு நாள் விழாவிட்டால் பேர் வெட்டு, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். கூடையும் முதுகுமாக என் முன்னால் நின்றார்.

"சிலோன்ல பேர வெட்டித்தான் கப்பல் ஏத்துனாங்க. இங்கயும் வெட்டுனா எந்தக் கப்பலுங்கய்யா?"

புதுப் போன் வரும் வழியில் மண்சரிவு. இரண்டு சுருதிதானே, இரண்டு பேர் விசிலடித்தால் என்ன என்று தோன்றியது. அப்போது எனக்கு இருந்த துணிச்சல் அப்படி. நன்றாக விசிலடிப்பவர்கள் இருவர்தான்: செல்லம்மாவின் புருஷன் ராமையாவும் அண்ணன் சுப்பனும். கப்பலிலிருந்து டிரங்குப் பெட்டியை யார் இறக்குவதென்று சண்டையிட்டு, அன்றே பேச்சை நிறுத்தியவர்கள்.

"அந்தாளு மூஞ்சியப் பாத்தா எனக்கு விசிலே வராது" என்றார் ராமையா.

கீழ் டிவிஷனில் இருப்பதோ ஒரே ரிசீவர். கன்னத்தோடு கன்னம் ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி ஊதினார்கள். ஃபேக்டரியிலிருந்து துரை போனிலேயே அலறினார்: "ஏனுங்க, நாப்பத்தி நாலு வந்திருக்குதுங்க! மாடசாமி போன வருசமே செத்துட்டானே!"

ராமையாவின் சுருதி இறங்கிவிட்டது; கீழ்ச்சுருதி இறங்கினால் ஏழு நாலாகிவிடும். நான் சொல்வதற்குள் சுப்பன் உறுமினார்: "மச்சான், கொஞ்சம் ஏத்துய்யா! தங்கச்சி வீடு போகப் போவுது!"

இத்தனை வருஷம் கழித்து மச்சான் என்றதும் ராமையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயில் விசில் ஏது?

"இளிக்காம ஊதுங்க!" என்று செல்லம்மா அதட்டினார்.

ஏழு. மறுபடி ஏழு. துரை, "செல்லம்மா வந்துட்டாங்க" என்றார். மாடசாமிக்கும் அன்று ஆஜர்தான். அழிக்கக் கீபோர்டு வேண்டுமே.

புதுப் போன் வரும்வரை, ஏழு உள்ள அத்தனை பேருக்கும் மச்சான்கள் ஊதினார்கள். இன்று இருவரும் இல்லை. தோட்டத்தில் இப்போது ஆஜருக்கு விரல் ரேகை வைக்கும் மெஷின். கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரலை அதற்கு அடையாளம் தெரிவதில்லை. போன மாதம் செல்லம்மாவின் மகள் அதன் முன்னால் நின்று, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆளில்லேங்குதுங்கண்ணே. யாரக் கூப்பிடுறது?"