எட்டுப் பொருளுக்குப் பொருத்தம் பார்த்தவர்

ரொட்டி அடுக்கின் முன்வரிசையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, தேதியைப் படிக்கிறார். பின்வரிசையில் இருப்பதையும் எடுத்துப் படிக்கிறார். இரண்டில் எது சீக்கிரம் கெட்டுப்போகுமோ அதைக் கூடையில் போட்டுக்கொள்கிறார். ஊரே தோள்வரை கையை விட்டு உள்ளே இருக்கும் புது ரொட்டியைத் துழாவும் கடையில், நாளைக்குப் பூசணம் பிடிக்கப்போவதைத் தேடி எடுப்பவர் இவர் ஒருவர்தான். இவரைக் கண்டால் கடைக்காரர் எழுந்து நிற்கிறார். வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை என்று கேள்வி.

"புதுசை நான் எடுத்துட்டா பழசை யாரு சார் எடுப்பாங்க? வீணால்ல போயிடும்" என்பார்.

மருத்துவமனை ரத்த வங்கியில் இருபது வருடமாக டெக்னீஷியன். அங்கே அதுதான் சட்டம். குளிர்பெட்டியில் பழைய பை முன்னால், புதிய பை பின்னால். யாரோ முகம் தெரியாத மனிதர் கையை நீட்டிக் கொடுத்தது, கெடு தாண்டிப் போய்ச் சாக்கடையில் கொட்டப்படக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. இரண்டு பேர் பார்க்காமல் எந்தப் பையும் வெளியே போகாது. ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, மற்றவர் காகிதத்தைப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். மனிதர் இரண்டு சட்டத்தையும் தெருவுக்கும் மாடிப்படிக்கும் கொண்டுவந்துவிட்டார். வாடகைக் கார் வந்து நின்றால் அதன் எண்ணை அவர் படிப்பார், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் "சரி" சொன்னால்தான் ஏறுவார். எங்கள் குடியிருப்பில் அவருக்குச் "சரிபார்ப்பு" என்று பெயர். அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வதில்லை. பெயரில் தப்பு ஒன்றும் இல்லையாம்.

நான் எதிர்வீட்டுக்காரன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அந்த ஒரு பாவத்துக்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டர் விவகாரத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். "நீங்க எழுத்தெழுத்தா படிக்கிற ஆளு சார். எனக்கு ரெண்டாவது கண்ணு நீங்கதான்."

விவகாரம் அவருடைய மனைவியுடையது. வீடுகளின் உட்புறத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டுவது அவர் தொழில். மகள் பிறந்தபோது வேலையை விட்டார். இவருக்கோ மாற்றி மாற்றி ஷிப்டு, குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. ஏழு வருடம் போய்விட்டது. இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். பழைய அலுவலகத்திலேயே, வீட்டிலிருந்து செய்யலாம் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை ஒரு வீட்டின் அளவுகளை அனுப்புவார்கள். மாலை ஐந்து மணிக்குள் மூன்று அறைகளையும் வரைந்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அம்மாவிடம் இருந்ததோ கல்யாணத்துக்கு முந்தைய மடிக்கணினி. "சுவத்தைத் திருப்பினா தூங்கிடுதுண்ணா. எழுப்பறதுக்குள்ள நான் எந்த சுவத்தைத் திருப்பினேன்னு எனக்கே மறந்துடுது" என்பார் என்னிடம்.

தன் ஸ்கூட்டரை விற்று அந்தப் பணத்தைக் கணவர் கையில் கொடுத்தார். அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார். அந்தப் பணத்துக்குக் கடையில் தயாராக இருக்கும் கம்ப்யூட்டர் எதுவும் வரைபட வேலையைத் தாங்காது, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும் என்று மருத்துவமனையில் ஸ்கேன் அறைக்காரர் சொல்லியிருக்கிறார். சரிபார்ப்பின் கண்கள் அகன்றன.

"பாகம் பாகமாவா? அப்ப ஒண்ணுக்கொண்ணு சேருமான்னு யாரு பார்க்கறது?"

கேட்டவரே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். சேருமா சேராதா என்று பார்ப்பதுதானே அவருக்குச் சோறு போடும் தொழில்! நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டு, கொடுத்தவரின் ரத்தத்தில் ஒரு சொட்டு, சோதனைக் குழாயில் கலந்து கட்டி தட்டுகிறதா என்று பார்ப்பார். இங்கே பொருள்கள் எட்டு. ப்ராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் சேருமா என்று பார்த்தால் இருபத்தெட்டுக் கட்டங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

அப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் என்று ஒன்று கிடையாது. நாலு எழுத்து, நாலு எண், ஒரு கோடு, மறுபடியும் ஒரு எழுத்து. அந்தக் கடைசி எழுத்து இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. அவர் படிப்பார், நான் "சரி" சொல்வேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை, எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் புரியாமல் இருந்தோம்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வீடியோவில் ஒருவர், பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் என்று மேஜையைத் தட்டினார். இன்னொருவர், பவர் சப்ளையில் மிச்சம் பிடித்தால் வீடே எரியும் என்றார். ஸ்கேன் அறைக்காரர், ராம்தான் எல்லாம் என்றார். ஒருவரை நம்பி மற்ற இருவரையும் விட்டிருந்தால் பிழைத்திருப்பார். இவர் மூவரையும் நம்பினார். ஒன்றை மாற்றினால் ஏழு கட்டம் அடிபடும். அழிரப்பரால் அழித்து அழித்து, காலண்டர் தாளில் எதிர்ப்பக்கத்துத் தேதிகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. இருபத்தெட்டும் சரியாகிவிட்டது என்று பென்சிலைக் கீழே வைத்தால், அதில் ஏதோ ஒன்று சந்தையிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

கடைகளுக்கும் கூட்டிப்போனார். ஒரு கடைக்காரர் ப்ராசஸரைக் காட்டி, "இதுதான் சார் மூளை. இதுல கை வைக்காதீங்க" என்றார். "மூளையை நாங்க பொருத்தறதில்லை. ரத்தம் மட்டும்தான்" என்று இவர் முகம் மாறாமல் பதில் சொன்னார். இன்னொரு கடைக்காரரிடம், "ஓ குரூப் மாதிரி எல்லாத்தோடயும் சேர்ற போர்டு எதுவும் இல்லையா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எல்லாக் கடையிலும் தவறாமல் கேட்ட வசனம் ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா சார்…" அந்தக் கொஞ்சத்துக்கு மேல் ஒரு கொஞ்சம், அதற்கும் மேல் ஒரு கொஞ்சம். கடைசிக் கொஞ்சத்தில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம்.

இப்படி இரண்டு மாதம். வியாழக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தபோது, அவர் வீட்டில் தேநீரோடு உட்கார்ந்து, இருபத்தொன்றாவது கட்டத்தை மறுபடியும் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, ராத்திரி பகல்னு இல்லாம ரத்தம் கேட்டு யார் யாரோ ஓடி வர்றாங்க. அவங்களுக்கெல்லாம் எவ்வளவு நேரத்துல குடுத்து அனுப்பறீங்க?"

"முக்கால் மணி நேரம் ஆகும்."

"முகம் தெரியாதவங்களுக்கு முக்கால் மணி நேரம். எனக்கு ரெண்டு மாசமா?"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இரண்டு மாதமாகக் கூடச் சேர்ந்து கூத்தடித்தவன் நானும்தானே.

"அந்த முக்கால் மணி நேரமும் இல்லைன்னா? ரொம்ப அவசரம்னா?" என்று அந்த அம்மா விடாமல் கேட்டார்.

"டாக்டர் அவசரம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா முழு டெஸ்டு முடியற முன்னாடியே குடுத்துடுவோம்."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், இருபத்தெட்டுக் கட்டங்களுக்கும் குறுக்காக, "அவசரம்" என்று பெரிதாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். கணவரை அவருக்குத் தெரியும், தேதி இல்லாவிட்டால் செல்லாது என்பார்.

வார இறுதியில் வாங்கினோம். அன்று மனிதரின் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழு பொருளுக்கும் சேர்த்து முப்பது நிமிடம்கூட ஆகவில்லை. எட்டாவது மதர்போர்டு. கடைக்காரர் முன்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். இவர் அதைத் திருப்பித் தேதியைப் படித்தார்.

"இது போன மாசம் வந்ததாச்சே. இதே மாடல்ல பழையது இருக்கா?"

"பழையதா சார்?"

"முதல்ல வந்தது முதல்ல போகட்டுமே."

கடைக்காரர் உள்ளே போய், ஒன்றரை வருடத் தூசியோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கர்ச்சீப்பால் துடைத்துக் கொடுத்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நன்றி. எண்ணை இவர் படித்தார். நான் "சரி" என்றேன்.

ஞாயிறு காலை அவர் வீட்டுக் கூடத்தில் பெட்ஷீட்டை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு பூட்ட ஆரம்பித்தார். கையேட்டை நான் படிக்க, அவர் செய்ய, அந்த அம்மா டார்ச் பிடிக்க, மதியத்துக்குள் முடிந்தது. பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

கழற்றினார், பூட்டினார், கறுப்பு. மறுபடி கழற்றினார், பூட்டினார், கறுப்பு. "இருபத்தெட்டும் சேர்ந்துதே சார், இருபத்தெட்டும் சேர்ந்துதே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா டார்ச்சை அணைத்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பழைய மடிக்கணினியை எடுத்து, அதன் விசைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. செருப்பைத் தேடுவதுபோல எழுந்து வந்துவிட்டேன்.

திங்கள் கடை விடுமுறை. செவ்வாய் மாலை தூக்கிக்கொண்டு போனோம். பின்னறையில் பழுதுபார்க்கும் பெண்மணி கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, பெட்டியைத் திருப்பினார்.

"போர்டு பழைய ஸ்டாக். ப்ராசஸர் இதுக்கப்புறம் வந்தது. ரெண்டும் சேரும். ஆனா போர்டுக்குள்ள இருக்கற புரோகிராம் பழசு. அதுக்கு இந்த ப்ராசஸர் யாருன்னே தெரியல. அதைப் புதுப்பிச்சாதான் எழுந்திருக்கும். போர்டோட எது எது சேரும்னு கம்பெனி குடுக்கற அட்டவணைக்கு அடியில போட்டிருப்பாங்களே, பார்க்கலையா?"

போட்டிருந்தார்கள். ஒரு சின்ன நட்சத்திரக் குறி. எழுத்தெழுத்தாகப் படிக்கும் இரண்டாவது கண்ணுக்கு அது படவில்லை. நான் மேஜைமேல் இருந்த ஸ்க்ரூடிரைவர்களை எண்ண ஆரம்பித்தேன்.

"முன்னாடியே புது ஸ்டாக் அடுக்கி வெச்சிருக்கோமே. யாரு இதை எடுத்துக் குடுத்தது?"

"நான்தாம்மா கேட்டு வாங்கினேன்" என்றார் சரிபார்ப்பு. அப்புறம் யாரிடம் என்றில்லாமல், "நல்லதுதானே செஞ்சேன்?" என்றார். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. இருபது வருடமாகக் காலை ஊன்றி நின்ற தரை திடீரென்று அசைந்த மாதிரி ஒரு திகைப்பு. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது.

பெண்மணி தன்னிடமிருந்த, போர்டுக்குத் தெரிந்த பழைய ப்ராசஸர் ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருந்த புரோகிராமைப் புதுப்பித்து, அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் எதையும் மறைக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"ரொட்டியோட நிறுத்திக்கக் கூடாதா?" என்றார் அந்த அம்மா.

புதன் மாலை மீண்டும் பூட்டினார், இந்த முறை திரையில் வெளிச்சம் வந்தது. வியாழன் மதியம் அச்சகத்துக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். இவர் லீவு போட்டிருந்தார். உள்ளறையில் அந்த அம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அலுவலகத்தோடு பேசியபடி வரைந்துகொண்டிருந்தார். "ரெண்டு ரூம் முடிஞ்சுது, மூணாவதுல இருக்கேன்" என்பது காதில் விழுந்தது. மணி மூன்று. இவர் கூடத்தில் பெட்ஷீட்டை உதறிக்கொண்டிருந்தார். அதிலிருந்து என்னவோ விழுந்து உருண்டது.

ஒரு திருகாணி. கறுப்பு, சுண்டுவிரல் நகத்தளவு.

குனிந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எங்கே போகணும் சார்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? தெரிய வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை நிறுத்திப் பக்கப் பலகையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனார். நின்றார். திரையில் ஒரு சுவர் மெல்லத் திரும்பியது, அதோடு ஜன்னலும் திரும்பியது, நிற்காமல், திக்காமல்.

"என்னங்க?" என்றார் அந்த அம்மா, திரும்பாமலே.

"ஒண்ணுமில்ல. நீ பாரு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, குப்பைக்கூடையின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்து, திருகாணியை உள்ளே போட்டார்.