கீறாத பிரஷ்

பஸ் டிப்போவில் அவளுக்கு அரம் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரமில்லை. அவள் கழுவிய பஸ்ஸில் அழுக்கு நிற்காது. சில சமயம் பெயின்டும் நிற்காது. நீளக் கம்பு மாட்டிய பிரஷ்ஷைப் பிடித்து, தோளைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள் என்றால், பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்தே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போகும். "அக்கா, கொஞ்சம் மிச்சம் வைங்க, நாளைக்கும் ஓட்டணும்" என்று டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவள் தலையில்தான் அழுத்தவே கூடாத ஒரு வேலை வந்து விழுந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் அதே டிப்போவில் மெக்கானிக். ஒரு நாள் ஜாக்கி நழுவி இடுப்பில் அடிபட்டுப் படுத்தவர்தான். "எழுந்து நடப்பாரு. எப்பன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் நுழைகிற மாதிரி வீட்டில் இருந்த ஒரே இடம் பின்கட்டு அறை. அது ஒரு காலத்தில் வெறும் முற்றம். செடி வளர்க்கிறேன் பேர்வழி என்று அவரே சட்டம் அடித்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகடுகள் நாலை மேலே வரிசையாகப் போட்டு, அதை அறையாக்கியிருந்தார். செடி ஒன்றும் உருப்படவில்லை. கடைசியில் அவர்தான் அங்கே போய்ப் படுத்தார். மூன்று பக்கமும் சுவர், ஜன்னல் கிடையாது. மல்லாந்து படுத்தால் வானம் தெரியும், பக்கத்து வீட்டு மரத்தின் உச்சி தெரியும், அதில் காக்காய்கள் அடிக்கிற கூத்து தெரியும். படுத்துக் கிடக்கிற மனிதருக்கு வெளியுலகம் என்று மிஞ்சியது அவ்வளவுதான்.

அதுவும் ஒரு மழைக்காலத்தோடு போயிற்று. தகடுகளில் பாசி பிடித்தது. ரோட்டுப் புகை வந்து அதன்மேல் படிந்தது. பட்டப்பகலிலும் அறைக்குள் குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பச்சை இருட்டு.

உதவிக்கு வந்தான் கொழுந்தன். நல்லவன்தான், ஆனால் யோசிக்கிற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கிற ஜாதி. "அண்ணி, நீங்க பேசாம இருங்க, இதெல்லாம் ஒரு வேலையா" என்று தரை தேய்க்கிற பிரஷ்ஷையும் பாத்திரம் விளக்கும் பவுடரையும் எடுத்துக்கொண்டு ஏறினான். கடைசித் தகட்டைத் தேய் தேய் என்று தேய்த்தான். பாசி போயிற்று. தகடு காய்ந்ததும் பார்த்தால், கண்ணில் பூ விழுந்த மாதிரி முழுக்க வெள்ளை. ஆயிரம் கீறல். வெளிச்சம் வந்தது, வானம் வரவில்லை.

வீட்டுக்காரர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மிச்சத்த யாரும் தொடாதீங்க. அழுக்குன்னா என்னைக்காவது போகும். கீறல் போகாது. எனக்கு இருக்கறதே இன்னும் மூணு தகடுதான்."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் பக்கம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், மருந்து கொடுத்தால் விழுங்குவார், கேட்டால் ம் என்பார். முகம் மட்டும் சுவரை விட்டு நகராது. இடுப்பு ஒடிந்தவர் தேறிவிடுவார் என்று நம்பினாள்; சுவரையே பார்த்துக்கொண்டிருப்பவர் தேறுவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. புதுத் தகடு போடலாம் என்றால் கூரைச் சட்டம் மொத்தத்தையும் கழற்ற வேண்டும், அதைக் கழற்றத் தெரிந்த ஆள் கட்டிலில் கிடக்கிறார். 'கீறாம கழுவிக் காட்டறேன். முடியலன்னா என் பேரு அரம் இல்ல' என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அரத்தை வைத்துக் கீறாமல் கழுவுவதா என்று அவளுக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. ஆனாலும் முடிச்சு முடிச்சுதான்.

கூரை போட்டபோது வெட்டிய மிச்சத் துண்டு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட பிரஷ் ஒவ்வொன்றையும் முதலில் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். குத்தினால் ஒதுக்கினாள். குத்தாததைத் துண்டின்மேல் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, பிரஷ் வாங்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?" என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ளைய இவ்வளவு பாத்து எடுக்கலண்ணே."

"மேல பாரு, சாஃப்ட்னு போட்டிருக்கான்."

"போடறவனுக்கு என்ன? அவன் வீட்டுக் கூரையா?"

கடைக்காரருக்கும் வேகம் வந்துவிட்டது. வியாபாரத்தை மறந்து அவரும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தார். கடைசியில், கார் கழுவுகிற பிரஷ் ஒன்றை மேல்தட்டிலிருந்து இறக்கினார். "இத பாரு. மத்ததுல நாரு நுனி வெட்டுன வாக்குல நிக்குது, அதான் குத்துது. இதுல நுனியைப் பிளந்து விட்டிருக்கான், பஞ்சு மாதிரி." கன்னத்தில் வைத்தாள். குத்தவில்லை. துண்டில் தேய்த்தாள். கோடு விழவில்லை. கட்டையின் விளிம்பு மட்டும் கூராக இருந்தது; அதற்கு வீட்டில் பழைய பனியனைக் கிழித்துச் சுற்றிக்கொள்ளலாம் என்று வாங்கி வந்தாள்.

வீட்டில் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, எதற்கும் ஒரு முறை கொல்லையில் மழையில் கிடந்து பாசி படிந்த இன்னொரு துண்டிலும் பார்த்துவிடுவோம் என்று சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். அலம்பி வெளிச்சத்தில் பிடித்தால், மெல்லிய கோடுகள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபக்கத்தில் இன்னும் இலேசாகத் தேய்த்தாள். அங்கேயும் கோடு. மறுநாள் கடைக்குப் போய் இன்னும் மிருதுவாக ஒன்று வாங்கி வந்தாள். அதுவும் கீறியது. அதற்கடுத்தது, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி அத்தனை மெதுவான நார், அதுவும் கீறியது. கடையில் கீறாதது வீட்டுக்கு வந்ததும் ஏன் கீறுகிறது? தண்ணீரா, சோப்பா, பாசியா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். விடுகிற ஆளா அவள்? டிப்போவிலிருந்து வந்ததும் வராததுமாகத் துண்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். வேலை வெளிச்சம் போகிற வரை நடக்கும்.

ஒரு சாயங்காலம் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் குரல் கொடுத்தார்.

"தட்டாத."

"என்ன?"

"தரையில தட்டாதங்கறேன். ஒவ்வொரு தடவ முக்கினதும், தண்ணி வடியறதுக்கு சிமெண்டுல ரெண்டு தட்டு தட்டறே. மூணு நாளா டக்கு டக்குன்னு கேட்டுட்டுதான் கிடக்கறேன். தரையில இருக்கற மண்ணையெல்லாம் அள்ளிட்டு வந்து தேய்க்கறே. பிரஷ் கீறல. நீதான் கீறறே."

அவள் கையைப் பார்த்தாள். கை அப்போதுதான் பிரஷ்ஷைத் தரையில் தட்டத் தூக்கியிருந்தது. டிப்போவில் பிரஷ் பிடிக்கிற அத்தனை பேருக்கும் உள்ள பழக்கம். முக்கு, தட்டு, தேய். பஸ்ஸுக்கு அது உறைக்காது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"முதல் நாளே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ கேக்கலையே."

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவர் தானாக வாயைத் திறந்து இத்தனை வார்த்தை பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. கார் பிரஷ்ஷிலேயே புதிதாக ஒன்று வாங்கி, தரையில் படாமல் தண்ணீருக்குள்ளேயே குலுக்கி எடுத்து, கடைக்குக் கொண்டுபோன துண்டில் தேய்த்தாள். துண்டு பளிச்சென்றிருந்தது.

விடுமுறை நாளில் வேலையைத் தொடங்கினாள். மாடி வீட்டுக்குப் போகும் படிக்கட்டு கூரையை ஒட்டியே ஏறும். அதில் நின்றுகொண்டு முதலில் குழாயைப் பிடித்து மண்ணையும் சருகையும் ஓட்டினாள். சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பாசியை ஊறவிட்டாள். பிறகு கம்பு மாட்டிய பிரஷ்ஷை வைத்து, அதன் கனத்திலேயே அது போகிற மாதிரி, இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முறை வாளிக்குள் குலுக்கினாள். கை தட்டத் துடித்தது. சும்மா இரு சனியனே என்று கையைத் திட்டினாள். அழுத்தாமல் தேய்ப்பது இத்தனை நோகும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது; தோள் இரண்டும் கழன்று விழும் போலிருந்தது. கீழேயிருந்து அவ்வப்போது குரல் வந்தது: "அழுத்தறே, சத்தம் கேக்குது." சுவரைப் பார்த்தபடியே காதால் மேஸ்திரி வேலை பார்த்தார். "சரிங்க முதலாளி" என்று இவளும் மேலேயிருந்து கொடுத்தாள்.

இரண்டு தகடு தெளிந்தது. ஒரு கோடு இல்லை.

மூன்றாவது தகடு படிக்கட்டை ஒட்டியது. நேர் கீழே அவர் தலைமாடு. பாதி வந்திருப்பாள், ஈரக் கம்பு கையை விட்டு வழுக்கிப் போயே போய்விட்டது. பிரஷ் கொல்லை மண்ணில் குப்புற விழுந்தது.

"விழுந்துடுச்சா?" என்றார் உள்ளேயிருந்து.

அவள் இறங்கிப் போய் எடுத்துப் பார்த்தாள். நாருக்குள் மண். கழுவிவிடலாம், கண்ணுக்குத் தெரிகிற மண்ணெல்லாம் போய்விடும். தெரியாத ஒரே ஒரு பொடி உள்ளே நின்றால் போதும், அவர் முகத்துக்கு நேர் மேலே, ஆயுசுக்கும். கடை அன்று திறக்காது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஊறிய பாசி அதற்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அவள் பிரஷ்ஷைச் சுவரோரம் சாத்திவிட்டு, மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, கைகளைச் சோப்புப் போட்டு அலம்பினாள். பிறகு அந்த மிச்சத் துண்டை எடுத்து, தன் உள்ளங்கையை அதில் தேய்த்தாள். வாளி தூக்கிக் காய்த்துப்போன கை. அதை நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. துண்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கோடு விழவில்லை.

படியில் குப்புறப் படுத்து, இடுப்பு வரை கூரைமேல் எட்டி, குவளையால் தண்ணீரை ஊற்றி ஊற்றி, உள்ளங்கையால் பாசியைத் தள்ளினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாணாக, ஒரு சாணாக. சத்தமே இல்லை. பிரஷ் ஓடுகிற சத்தம் நின்றுபோய் வெகுநேரமாகியும் தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டே இருந்ததில், கீழே படுத்திருந்தவருக்கு என்ன தோன்றியதோ, கையை ஊன்றி, முனகிக்கொண்டு, சுவரை விட்டுத் திரும்பினார்.

கடைசிப் பாசியை அவள் வழித்துத் தள்ளியபோது கைக்கு அடியில் அவர் முகம் தெரிந்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. கேட்கவில்லை. என்னமோ ஏதோ என்று ஈரத்தோடு விழுந்தடித்து இறங்கி உள்ளே ஓடினாள்.

அறை முழுக்க வெயில். அவர் அவளையே பார்த்தார்.

"என்னங்க சொன்னீங்க? கீறிடுச்சா?"

"தலையெல்லாம் நரைச்சுக் கிடக்கு" என்றார். "எப்ப வந்தது இது?"

அவள் ஈரக் கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள்.

"நீங்க சுவரப் பாத்துட்டு இருந்தீங்கல்ல, அப்ப வந்தது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கட்டிலைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவில் போடச் சொன்னார்.