எதிர்ப்பட்டறைக்கு விளக்கேற்றியவர்

உள்ளங்கையில் அடங்கிவிடும் கறுப்பு ரப்பர் வளையம் அது. ஆயில் சீல் என்போம். அது கிழிந்து எண்ணெய் ஒழுகியதால், நாங்கள் கட்டி முடித்த ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தின் ஒரு தொழிற்பேட்டையில், எங்கள் கொட்டகையில் அசையாமல் நின்றது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. கோடைக்கு முன்னால் கைக்கு வரவேண்டும் என்று, வாங்க வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் ஊரான திருச்செங்கோட்டுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டுவதில் தொழிலைத் தொடங்கியவர் அவர். வெல்டர்களும் மெக்கானிக்குகளும் லேத்துக்காரர்களும் ஏற்கெனவே தெருத்தெருவாக இருந்ததால்தான் ரிக் வண்டித் தொழில் அந்த ஊரில் வேர்பிடித்தது. அவரும் அதற்கு மாறினார். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து டிப்ளமோ முடித்த நான், அவரிடம் உதிரிபாகம் வாங்கும் வேலையில் சேர்ந்தேன். ஊரில் அது ஒரு வேலையே இல்லை. கிழிந்த சீலைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினால் புதியது கிடைக்கும். கடையில் இல்லையென்றால் தொழிலில் எங்களோடு மல்லுக்கட்டுகிற பக்கத்துப் பட்டறைக்காரரே எடுத்துக் கொடுப்பார்.

வாடிக்கையாளர்கள் வடக்கே பெருகினார்கள். இடமும் மின்சாரமும் அங்கே மலிவாகக் கிடைத்தன. அதனால் போனோம். ஆனால் ஒரு சீல் வாங்கக்கூட அங்கே கடை இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். குறை அவர்களிடம் இல்லை. படித்ததைக் கையில் செய்து பார்க்க அங்கே பட்டறைகள் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் வடக்கே வந்த எங்கள் ஊர் டிரைவர் ஒருவர் சீலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அதற்குள் வாசலில் உட்கார்ந்திருந்தவர் வேறு இடத்தில் வண்டி பார்த்துக்கொண்டார்.

ஊரில் இருந்த பழைய லேத்துக்காரரை, வீடு தருகிறேன் வாருங்கள் என்று முதலாளி கூப்பிட்டார். போனில் வந்த பதில் எனக்கும் கேட்டது. "அங்க வந்தா உங்க ஒருத்தருக்குத்தானுங்க நாங் கடைசல் புடிக்கோணும். நாளைக்கு நீங்க இழுத்துச் சாத்தீட்டா நா எங்கீங்க போறது?" அவர் சொன்னதில் தப்பில்லை.

முதலாளி கொட்டகையை மூடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ உள்ளூர் பாலிடெக்னிக்குக்குப் போய்ப் பேசி, மூன்று பையன்களையும் ஒரு பெண்ணையும் திருச்செங்கோட்டுக்கு அனுப்பிவைத்தார். பையன்கள் பட்டறையில் தங்கினார்கள். அந்தப் பெண் முதலாளியின் வீட்டிலேயே தங்கி, அவர் மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி ஹைட்ராலிக் வேலை கற்றுக்கொண்டாள். திரும்பி வந்தபோது சுத்தமான கொங்குத் தமிழ் பேசினாள். எங்களிடம் கொஞ்ச காலம் வேலை செய்தாள். பிறகு எங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே சொந்தமாகப் பட்டறை போட்டாள். எங்கள் நல்ல வெல்டர்கள் இரண்டு பேர் அவளோடு போய்விட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு அவளே நேரில் வந்து அழைத்தாள். "அப்பா, நீங்கதானுங்க வந்து வெளக்கேத்தோணும்." முதலாளி அழைப்பிதழை வாங்கி மேசையில் வைத்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "சோறு போட்டு வேல கத்துக் குடுத்தோம்ங்க. நம்ம ஆளுங்களையே இழுத்துட்டுப் போறா. போவாதீங்க."

"எனக்குங் கோவந்தான் சாமி," என்றார். "ஆனா ஒத்தப் பட்டறையத் தேடி இவ்வளவு தூரம் எவன் வருவான்? நாலு பட்டறை வந்தாத்தான் நாலு பேரு வருவாங்க."

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் விளக்கேற்றினார். திரும்பி வந்ததும், காலியாகக் கிடந்த வெல்டிங் மேடைக்குப் போனார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவரே வேலையைத் தொடங்கினார்.

அந்தப் பையன்களும் ஒவ்வொருவராகச் சொந்தப் பட்டறை போடக் கிளம்பினார்கள். எங்கள் ரோட்டுக்குக் கம்ப்ரசர் பழுது பார்ப்பவர் வந்தார், பல்சக்கரம் வெட்டுபவர் வந்தார், உதிரிபாகக் கடை வந்தது. வடக்கிலிருந்து திருச்செங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்களில் பல அங்கேயே நின்றுவிட்டன. சங்ககிரியில் ஒரு கல்யாணப் பந்தியில், ஊரிலேயே ரிக் வண்டி கட்டுகிற மைத்துனர் முதலாளியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "நம்மூருப் பொழப்பக் கொண்டுபோயி அங்க குடுத்துட்டு வந்துட்டீங்களே மாப்ள?" முதலாளி, "ஆமாங்க மச்சா," என்று மட்டும் சொல்லி, இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். மைத்துனர் கேட்டது நியாயமா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்று அந்த ரோட்டில் எங்கள் கொட்டகை பெரியதல்ல, நடுத்தரமானது. ஆனால் ஆர்டர் இல்லாமல் ஒரு மாதமும் போவதில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சீல் மொதக்கொண்டு எல்லாம் இங்கியே கெடைக்குது. இனி நீ இங்க இருந்து என்ன பண்ணப் போறே? ஊட்டுக்குக் கெளம்பு சாமி," என்றார். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை வருஷங்களில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் வேலை போனதற்காக அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.