நாவலில் இல்லாத இன்ஸ்பெக்டர்

வாடகை நூல்நிலையம் நடத்துகிறவர்களுக்குப் பெரிய சோதனை, ஒரு நாவல் படமாக வந்துவிடுவதுதான். நாவலைப் படித்துவிட்டு, படம் மட்டும் பார்த்தவரிடம் பேசி வாய் வலித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அருள்புரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே என் கடை. இந்த வருஷம் என்னைப் படுத்தி எடுத்தது ஒரு மொழிபெயர்ப்புத் துப்பறியும் நாவல். எங்கோ வெளிநாட்டில் ஒரு துறைமுக ஊர். டாக்டர் ஒருவர் கொலையாகிறார். அவர் வீட்டில் துணி துவைக்கும் கறுப்பினப் பெண்ணைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். தோலின் நிறத்தைத் தவிர அவளுக்கு எதிராக வேறு சாட்சியம் கிடையாது. அவளுடைய அக்கா வீடு வீடாக ஏறி இறங்கி, வாசலில் நிற்கவைக்கப்பட்டு, பேச்சு வாங்கி, கடைசியில் உண்மையான கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாள். படத்தில் அவனைக் கண்டுபிடிப்பவர் ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். அக்காவுக்கு அழுகிற வேலை மட்டும்.

காணாமல் போனவர்

எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர், படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு ஆசையாக நாவலை எடுத்துப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். முகத்தில் ஏமாந்துபோன களை.

“இன்ஸ்பெக்டரே வரலீங்க” என்றார். வருகிறாரே, அந்தப் பெண்ணைக் கைது செய்கிறாரே என்றேன். அதன்பிறகு வரவில்லை என்றார். அதுதான் கதை, அவளுக்காக யாரும் வரவில்லை, அவளுடைய அக்காதான் அலைகிறாள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, “எதுக்கும் நடுவுல பக்கம் கழண்டு போச்சான்னு ஒருக்கா பாத்துருங்கக்கா” என்றார்.

புது அட்டை

படம் ஓடியதும் பதிப்பகத்தார் அட்டையை மாற்றிவிட்டார்கள். அட்டை முழுக்க இன்ஸ்பெக்டரின் வெள்ளை முகம். சிறைக் கம்பிக்குப் பின்னால் அந்தப் பெண் கட்டைவிரல் அளவுக்கு ஓரமாக நிற்கிறாள். அக்காவைக் காணவே காணோம்.

துணி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் எனக்குப் பழைய வாசகர். துப்பறியும் கதை என்றால் விடமாட்டார். படம் பார்க்கிற வழக்கம் இல்லை. புதுப் பிரதியைக் கையில் வாங்கி அட்டையை நெடுநேரம் பார்த்தார். “ஏனுங்க, கொலகாரன் மொகத்த அட்டையிலயே போட்டுட்டா, அப்புறம் படிக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

கண்ணீர்

ஞாயிறு மாலைகளில் நாலைந்து வாசகர்கள் கடையிலேயே உட்கார்ந்து பேசுவோம். அந்த வாரம் கதையின் முடிவைப் பற்றிய பேச்சு. நாவலில், விடுதலையான பெண்ணுக்கு ஊரில் ஒருவரும் வாடகைக்கு வீடு தருவதில்லை. அக்காவும் தங்கையும் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். படத்தில் ஊரே கூடி ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்து, சாவியை அவள் கையில் கொடுக்கிறது.

அந்த இடத்தில் தேம்பி அழுததாக ஈஸ்வரியம்மா சொன்னார். பக்கத்துத் தெருவில் வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர், இளகிய மனசுக்காரர். நாவலின் முடிவு அவருக்கு ஆகவில்லை. “தோலப் பாத்து ஊடு இல்லைன்னு சொல்லுவாங்களா? எனக்கு நம்பவே முடியலீங்க” என்றார்.

காலி வீடு

சபிதா ஒடிசாவிலிருந்து வந்தவள். பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை. தமிழ் பேச்சில் பழகி, எழுத்துக் கூட்டிப் படித்து, என் கடையில் சின்னப் பிள்ளைகள் கதையில் ஆரம்பித்து இந்த நாவல் வரைக்கும் வந்துவிட்டாள். குடியிருந்த வீட்டை இடித்து குடோன் கட்டப் போகிறார்கள். அவளும் புருஷனும் வேறு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்வரியம்மாவின் லைனில் ஒரு வீடு காலியாக இருந்தது. நானே போய்க் கேட்டேன்.

காப்பி கொடுத்தார். “நல்ல புள்ளதானுங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா இந்திக்காரங்கன்னா லைன்ல இருக்கறவங்க ஒத்துக்கோணுமல்லங்க” என்றார். சபிதா இந்திக்காரி இல்லை, ஒடியா பேசுகிறவள் என்றேன். “அட, அதெல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார்.

சரி என்று லைனில் இருந்தவர்களையே கேட்டேன். குழாயடியில் நின்ற அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “எங்களுக்கு என்னங்க, தாராளமா வரட்டும். ஊட்டுக்காரம்மாதான் சேத்த மாட்டாங்க” என்றார். இரண்டு தரப்புக்கும் நடுவே பத்து நாள் நடந்தேன். அதற்குள் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

சபிதாவின் தீர்ப்பு

கடைசியில் அவர்களுக்குக் குண்டடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் இடம் கிடைத்தது. கம்பெனி வேன் அதுவரைக்கும் வருகிறது என்பதுதான் ஒரே ஆறுதல். போகுமுன் நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். முழுக்க முடித்திருந்தாள். படத்தையும் புருஷனோடு போனில் இந்தியில் பார்த்திருக்கிறாள்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. இத்தனை பேரோடு மல்லுக்கட்டியதற்கு இவள் ஒருத்தியாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். நாவல்தானே உண்மையாக இருக்கிறது என்று கேட்டேன்.

“ஆமாக்கா, உண்மையா இருக்கு” என்றாள். கொஞ்சம் யோசித்து, “எனக்குப் படம்தான் புடிச்சுதுக்கா. அதுலதான் அவளுக்கு ஊடு கெடைக்குது” என்றாள்.

நாவல்தான் உசத்தி என்று வாதாட இன்னமும் என்னிடம் காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் யாராவது படத்தைப் புகழ்ந்தால் இப்போதெல்லாம் காப்பி சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.