தாடைக்கு அடியில் ஒரு கரும்புள்ளி

வெயில் மேலேயிருந்துதான் வரும், தலையில் ஒரு துண்டைப் போட்டால் போதும் என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். போன சித்திரையில் அந்த நம்பிக்கை போச்சு.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடுவது எங்கள் தொழில். களம் முழுக்க வெள்ளைத் துணி விரிந்து கிடக்கும். என் மகள் வெளிநாட்டில், வெயிலால் தோலுக்கு முதுமை தட்டுவதையும் புற்று வருவதையும் எப்படித் தடுப்பது என்று ஆராய்ச்சி செய்கிறாள். ஊருக்கு வந்து மூன்று வருஷமாச்சு. வீடியோவில் பேசும்போது நான் அண்ணாந்து சிரித்தது தப்பாகிவிட்டது.

"அப்பா, தாடைக்கு அடியில என்ன கருப்பா? வளருதா?"

"வளருது தாயி, முடிதான் வளர மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணியில் பட்ட வெயில் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும், உடனே போய்க் காட்டுங்கள் என்றாள். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தோல் டாக்டரம்மா ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒரு வாரமாகுமாம். அந்த வாரம் நான் அடித்த கூத்து கொஞ்சமில்லை. எங்கள் பேண்டேஜ் துணியையே முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு களத்துக்குப் போனேன். டீக்கடையில், "அண்ணாச்சி, யாரு அடிச்சா? சொல்லுங்க, ஆளோட வாரோம்" என்று இரண்டு பேர் கிளம்பியே விட்டார்கள். மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "சல்லடைத் துணிப்பா அது, காத்தோட வெயிலும் உள்ள போகும்" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். மறுநாளே லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

செத்துப்போவோமோ என்ற பயத்துக்கு நடுவிலும் என் மனசு துள்ளியது. வெயிலைக் கண்டாலே ஒளிந்தவன், அவள் மெத்தையை மட்டும் நல்ல வெயிலாகப் பார்த்துக் காயப்போட்டேன்.

அவள் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் முடிவு வந்தது. புற்று இல்லை. வெறும் மரு. ஆனாலும் இனி முகம் மறைய நெருக்கமாய் நெய்த துணி கட்டணும், களிம்பு பூசணும் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும், மகளுக்கென்று பால்கோவா வாங்கிய என் மனைவி பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, இப்பச் சொல்லாதீங்க. பிள்ள பிளைட் ஏறட்டும், பொறவு சொல்லுவோம்."

எனக்கும் அதே ஆசைதான். சரியென்று தலையாட்டினேன். பஸ் கிளம்பியதும் போன் அடித்தது. "அப்பா" என்றாள். ராத்திரியெல்லாம் தூங்காத குரல். அந்தக் குரலை இன்னும் இரண்டு நாள் தவிக்கவிட எனக்கு ஏலவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் அழுது, சிரித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்போ இங்க என் ஆராய்ச்சியப் பாதியில விட்டுட்டு வர வேண்டாம்லப்பா?"

"வேண்டாம் தாயி."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது தினமும் மகள் அனுப்பிய களிம்பைப் பூசிக்கொண்டுதான் களத்தில் இறங்குகிறேன். தாடைக்கு அடியில் தடவும்போதெல்லாம், அத்தனை தூரத்திலிருந்து அவள் கை என்மேல் படுவது இப்படித்தான் என்று தோன்றும். நடந்தது என்னவோ இவ்வளவுதான்: மரு சாதாரண மரு, மகள் டிக்கெட்டை ரத்து செய்தாள், பால்கோவாவை நாங்கள் இரண்டு பேருமே சாப்பிட்டோம்.