கருப்பு நாய்க்குப் பன்னிரண்டு படம்

பெரியகுளத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த போட்டோ ஸ்டுடியோவில், ராஜாத்தி பதினோரு வருடம் இருட்டறையிலேயே வேலை பார்த்தாள். பிலிம் கழுவுவது அவள்; படம் எடுப்பது கணவன் கர்ணன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் ஒரு நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தால் படம் எதனால் கெட்டது என்று சொல்லிவிடுவாள். கேமராவைத்தான் கர்ணன் தொடவிடவில்லை.

எழுபத்து நாலில் கெங்குவார்பட்டி மொக்கம்மாள், மகள் செல்வமணியோடும் ஒரு கருப்பு நாயோடும் வந்தாள். செல்வமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் நாய் ஆகாதாம். படமாவது கொண்டுபோவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். விளக்கைப் போட்டதும் நாய் மிரண்டு, பின்னால் தொங்கிய திரையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. கிடைத்த ஒரே படத்தில் நாய் இருந்த இடத்தில் மை கொட்டியதுபோல் ஒரு கறை.

"நாய்க்கெல்லாம் போட்டா வராது," என்றான் கர்ணன்.

"அவுக வீட்டுல வச்சு எடுத்தா வரும். நான் போறேன்," என்றாள் ராஜாத்தி.

அவன் சிரித்தான். "ஒரு ரோலு. பன்னெண்டு படம். ஒண்ணும் தேறலைன்னா இனிமே கேமராப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி."

அவள் போய்ச் சேர்ந்தபோது நாய் முற்றத்தில் வெள்ளை முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் பொட்டு, கழுத்தில் கனகாம்பரம்.

"போன தடவ கருப்பா விழுந்துருச்சுல்ல தாயி," என்றாள் மொக்கம்மாள். "அதான் ஒரு டப்பா பவுடரையும் அப்பிட்டேன்."

நாய் தும்மியது.

குளிப்பாட்டினார்கள். அந்தக் கோபத்தில் அது வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நேரே கேமராவின் மேலேயே வந்து விழுந்தது. வால், முதுகு, யாருடைய காலோ என்று ஒன்பது படம் வீணாயிற்று. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் குருசாமி, "ஏத்தா, கேமராவ அதுகிட்டக் குடு, அது உன்னைய எடுக்கட்டும்," என்றார். கூட்டம் சிரித்தது.

ராஜாத்திக்கு முகம் சுட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் நாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அலுத்துக் கலைந்தது. வெயில் சாய்ந்ததும் நாய் தானாக எழுந்து வைக்கோல்படப்பின் ஓரம் போய் உட்கார்ந்தது. பின்னால் வெளுத்த வைக்கோல். பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் ரோமம் தனித்தனியாக மின்னியது. இவ்வளவு போதும், பவுடர் எதற்கு?

கேமராவைத் தரையில் வைத்தாள். கருப்பு ரோமத்துக்கு வெளிச்சம் கூட வேண்டுமென்று லென்ஸை ஒரு படி கூடுதலாகத் திறந்தாள். சாணித் தரையில் முழங்காலிட்டு, உருவம் தெரியும் அதன் மேல் கண்ணாடிக்குள் குனிந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்படி.

"செல்வமணி, கூப்பிடாத. உள்ள போயி, சோத்துப்பானை மூடிய மட்டும் தட்டு."

டங் என்றது. நாயின் காது விடைத்தது. தலை நேராக நிமிர்ந்தது. அமுக்கினாள். இன்னும் இரண்டு தட்டு, இன்னும் இரண்டு படம். ரோல் முடிந்தது.

அன்று ராத்திரி அவளே கழுவினாள். கடைசி மூன்றில் இரண்டு ஆடிப்போயிருந்தன. மிஞ்சியதைத் தாளில் ஏற்றி மருந்துத் தட்டில் போட்டபோது கர்ணன் பக்கத்தில் வந்து நின்றான். முதலில் காது வந்தது, பிறகு முகம், மார்பு. இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி மட்டும் கருக்காமல் நின்றது.

அவன் தட்டின்மேல் இன்னும் குனிந்து பார்த்தான். பிறகு சொன்னான்: "வருசநாட்டுல ஒருத்தரு, காளைய எடுக்கணும்னு சொல்லிவிட்டிருக்காரு. நீயே போயிட்டு வா."

"ரெண்டு ரோலு வேணும்."

"ரெண்டா?"

"காளை நாயைவிடப் பெருசுல்ல."

கர்ணன் பிலிம் அலமாரியைத் திறந்தான்.